காற்றின் கணக்கில் காலனி எங்கே?



"நீங்க ஏரோடைனமிக்ஸ்ல ஆராய்ச்சி பண்ணினவர்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்குப் பட்டா, 'அ' பதிவேடு, ஆர்.டி.ஐ.னு தாலுகா ஆபீஸ் படியேறிக்கிட்டு இருக்கீங்க?" என்று பயிற்சி முகாமில் ஒரு மாணவி கேட்டார். இரண்டும் ஒரே வேலைதான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்காகவும், அவரைப் போலப் பொறியியல் படித்துக்கொண்டே இயக்க வேலைகளுக்கு வரும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் கொஞ்சம் அறிவியல் வரும். பயப்பட வேண்டாம். நமக்குப் புரியாதது என்று யாரோ ஒதுக்கி வைத்த விஷயங்களில் பாதி, பொறுமையாகச் சொன்னால் புரிகிறவைதான்.

என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பளத்துக்காரர்களுக்குக் காற்று என்றால் கூலி. வறண்ட மேல்காற்று அடித்தால் பாத்தியில் உப்பு விளையும், வாருவதற்கு வேலை இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை போகும். கடலோடிகளுக்கும் அப்படித்தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்து, அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போவார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் காற்று அடங்கிய நாட்களுக்காகக் காத்திருந்தார்கள். இந்தக் கரையில் காற்றைப் படிக்கத் தெரியாத உழைப்பாளி இல்லை. ஆனால் அந்தப் படிப்புக்கு யாரும் பட்டம் தரவில்லை.

இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986இல் வந்தன. அவற்றில் ஒன்று தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் அமைந்தது. அன்றைய காத்தாடிகள் 55 கிலோவாட். இறக்கை ஏழெட்டு மீட்டர்தான் இருக்கும். பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவியது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊராகவே நாம் அறிந்திருக்கும் கயத்தாற்றில்தான் நாட்டின் காற்றாலைச் சோதனை நிலையமும் இருக்கிறது. இன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகள் கப்பலேறுகின்றன. ஒற்றை இறக்கையை ஏற்றிய லாரி வளைவில் திரும்புவதற்காகப் போக்குவரத்தையே நிறுத்தி வைப்பார்கள். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்க்க ஓடியவர்களில் நானும் ஒருவன்.

அந்த இறக்கைதான் பிறகு என் ஆராய்ச்சித் தலைப்பானது. சுழலும் இறக்கையின் சில பகுதிகளைத் துளைகள் நிறைந்ததாக, அதாவது காற்று ஊடுருவக்கூடியதாகச் செய்தால் அதன் மேல் ஓடும் காற்று எப்படி மாறும் என்பதைக் கணினியில் கணக்கிடுவதே வேலை. "உங்க ஆளுங்க வழக்கமா சிவில் எடுத்து கவர்மென்ட் வேலைக்குப் போவாங்க. உனக்கு எதுக்குப்பா இந்த வம்பு?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அவர் பெயரோ நிறுவனமோ முக்கியமில்லை. இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஏன் துளை? இறக்கையின் குறுக்கு வெட்டைப் பாருங்கள். முன்னோரம் உருண்டை, பின்னோரம் கூர்மை. இதற்கு ஏர்ஃபாயில் என்று பெயர். மேற்புறம் அழுத்தம் குறைவு, கீழ்ப்புறம் அழுத்தம் அதிகம். அந்த வித்தியாசம்தான் இறக்கையைத் தள்ளிச் சுழற்றுகிறது. பரப்பை ஒட்டி ஓடும் காற்று கலங்கிச் சுழித்துக்கொண்டே பின்னோரத்துக்கு வருகிறது. அங்கே பரப்பு சட்டென்று முடிந்துவிடுகிறது. அந்தத் திடீர் முடிவில்தான் சத்தம் பிறக்கிறது. நவீன காற்றாலையின் 'ஊஷ், ஊஷ்' சத்தத்தில் பெரும்பங்கு இந்தப் பின்னோரச் சத்தம்தான். பின்னோரத்தில் நுண்துளைகள் இருந்தால் மேலும் கீழும் உள்ள அழுத்தங்கள் படிப்படியாகச் சமன் ஆகும். முடிவு திடீரென்று வராது. சத்தம் குறையும். ஆந்தை சத்தமில்லாமல் பறப்பதற்கு அதன் இறகின் மென்மையான ஓரங்கள் காரணம் என்று 1934இலேயே ராபர்ட் கிரஹாம் எழுதினார். ஜெர்மனியின் காட்புஸ் நகரில் துளையுள்ள ஏர்ஃபாயில்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். சத்தம் குறைவது உண்மை. கூடவே தூக்குவிசை குறைவதும் இழுவை கூடுவதும் உண்மை. எதுவும் இலவசமில்லை.

சுழற்சி இதில் எங்கே வருகிறது? 60 மீட்டர் இறக்கை நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே நின்று பார்த்தால் சோம்பலாகச் சுற்றுவது போல இருக்கும். நுனியின் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்: நொடிக்குச் சுமார் 75 மீட்டர். அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். பாதி நீளத்தில் வேகமும் பாதி. பின்னோரச் சத்தத்தின் ஆற்றலோ ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சத்த ஆற்றல் 32 மடங்கு, டெசிபலில் சொன்னால் சுமார் 15 கூடும். ஆகவே துளையை இறக்கை முழுக்கப் போட வேண்டியதில்லை. நுனிப் பக்கம் போட்டால் போதும். 'சில பகுதிகள்' என்று தலைப்பில் வருவதற்குக் காரணம் இதுதான்.

கணினியில் இதை எப்படிச் செய்வது? இறக்கையைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம். பரப்பை ஒட்டிய முதல் கட்டத்தின் உயரம் சில மைக்ரான்தான், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. அங்கே கஞ்சத்தனம் காட்டினால் மற்ற எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு துளையையும் வரைந்துகொண்டிருக்க முடியாது. அதற்கு 1856இல் ஒரு வழி பிறந்தது. பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று அளந்தார். அழுத்த வித்தியாசம் கூடினால் அதே விகிதத்தில் ஓட்டமும் கூடும் என்பது அவர் கண்ட விதி. வேகம் அதிகமாகும்போது இது போதாது என்று 1901இல் ஃபோர்ஷ்ஹைமர் இன்னொரு உறுப்பைச் சேர்த்தார். இந்த இரண்டையும் வைத்து, 'இந்தப் பகுதிக்குள் நுழையும் காற்றுக்கு இவ்வளவு தடை' என்று கணினிக்குச் சொல்கிறோம். துளை தனித்தனியாகத் தெரியாது, தடை மட்டும் தெரியும். ஊரிலிருந்து வரும் காற்றுக்கு ஒரு தடை, சேரியிலிருந்து போகும் காற்றுக்கு ஒரு தடை என்பது போல, நீளவாட்டில் ஒன்றும் குறுக்குவாட்டில் வேறொன்றுமாகத் தடையை வைக்கவும் சமன்பாட்டில் இடம் இருக்கிறது.

சுழற்சிக்கு இரண்டு வழி. ஒன்று, கட்டங்களையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுவது. இதில் கணினி நேரம் மிக அதிகமாகச் செலவாகும். மற்றொன்று, நாமே இறக்கையின் மேல் உட்கார்ந்துகொண்டு பார்ப்பது. ராட்டினத்தில் உட்கார்ந்தவனுக்கு ராட்டினம் நிற்கும், ஊர்தான் சுற்றும். இப்படிப் பார்த்தால் மையவிலக்கு விசையையும் கொரியாலிஸ் விசையையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். இவற்றால்தான் சுழலும் இறக்கையின் அடிப்பகுதி, காற்றுச் சுரங்கத்தில் அசையாமல் நிற்கும் அதே வடிவத்தைவிட அதிகமான தூக்குவிசை தருகிறது. ஹிம்மெல்ஸ்காம்ப் 1945இல் இதைக் கண்டார்.

இங்கே ஒரு நுணுக்கம். துளையுள்ள பகுதியும் இறக்கையோடு சேர்ந்து சுழல்கிறது. ஆகவே தடையைக் கணக்கிடும்போது, அந்தப் பகுதிக்குச் சார்பாகக் காற்று எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தரையில் நிற்பவன் பார்க்கும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், சமன்பாட்டுக்கு அந்தப் பகுதி அசையாமல் நிற்கும் சுவராகத் தெரியும். இறக்கையோடு இயல்பாகப் போகும் காற்றையும் அது பிடித்து இழுக்கும். இல்லாத ஒரு பிரேக் கணக்கில் வந்துவிடும். கணினி பிழை என்று சொல்லாது. அழகான படத்தோடு தவறான விடையைத் தரும்.

'தகுதி' பற்றிய விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஓடிக்கொண்டிருப்பவனின் வேகத்தை எங்கே நின்று அளக்கிறீர்கள்? உப்பளத்துக் கூலியில் படித்து வந்தவளையும், மூன்று தலைமுறையாகப் பொறியாளர்கள் இருக்கும் வீட்டிலிருந்து வந்தவனையும் ஒரே இடத்தில் நின்று அளந்துவிட்டு, 'எண் பொய் சொல்லாது' என்கிறார்கள். எண் பொய் சொல்வதில்லை என்பது சரி. அளந்தவன் எங்கே நின்றான் என்று எண் சொல்வதில்லையே.

சத்தத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் நான் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே சத்தம் எங்கள் காலனியில் இரவில் கேட்டுக்கொண்டிருந்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும். அதுதான் காத்தாடிகளின் அறுவடைக் காலம். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார்: "யய்யா, அந்தச் சத்தத்தைத்தான் கணக்குப் போடுதியாமே. அது ராத்திரி நிக்கதுக்கு ஒரு கணக்குப் போடக் கூடாதா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் ஊரின் வரைபடத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். காலனி ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. நம்மில் பலருடைய ஊரிலும் அப்படித்தான். நம்மைத் தொட்ட காற்று அவர்கள் மேல் படக்கூடாது என்றுதான் அப்படி ஒதுக்கினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கம் வருடத்தில் பாதி நாள் மேல்காற்று. மேற்கே இருப்பவனின் காற்று கிழக்கே வரும். கிழக்கே இருப்பவனின் காற்று மேற்கே போகாது. இப்போது காத்தாடிகள் ஊருக்கும் காலனிக்கும் இடையிலான மேட்டில் நிற்கின்றன. இதில் இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. தரையருகே காற்றின் வேகம் குறைவு, உயரே அதிகம். அதனால் காற்று போகும் திசையில் செல்லும் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த் திசையில் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். ஒரே காத்தாடிதான். ஒரே தொலைவுதான். மேற்கே ஊர்த்தெருவில் தூக்கம், கிழக்கே காலனியில் விழிப்பு. இதில் எந்த எந்திரத்துக்கும் சாதி தெரியாது. ஆனால் யாரைக் காற்றின் கீழ்ப்பக்கம் குடியமர்த்துவது என்பது எந்திரம் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எந்தக் குடியிருப்புக்கும் 500 மீட்டருக்குள் காற்றாலை வைக்கக் கூடாது என்கிறது. அதே வேளையில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே அதன் கீழ் வரும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. மிஞ்சியிருப்பது அந்த 500 மீட்டர்தான். அதைக் கணக்கிடும் வரைபடத்தில் எது 'குடியிருப்பு'?

ஒரு திட்டத்தின் வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் ஒவ்வொரு வீடும் சின்னச் சதுரமாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஊருக்கு வெளியே தனியாக நின்ற ஒரு மோட்டார் அறைக்குக்கூடச் சதுரம் இருந்தது. காலனி இருந்த இடத்தில் 'தரிசு' என்று இருந்தது. காரணம் கேட்டதற்கு, "பட்டா இல்லைல்ல சார்" என்றார் அந்த அலுவலர். சாதாரணமாகத்தான் சொன்னார். பட்டா இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் ஆள் இல்லை, ஆள் இல்லாததால் சத்தம் இல்லை. உலகத்தரமான மென்பொருளில் இந்த வரைபடத்தைப் போட்டால் அதுவும் 'விதிமீறல் இல்லை' என்றுதான் விடை தரும்.

தாலுகா ஆபீஸ் படியில் நான் நிற்பதற்குக் காரணம் புரிகிறதா, தோழரே? 1892இல் சென்னை மாகாண அரசு, ட்ரெமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் கைமாறிய கதையை நீங்கள் அறிவீர்கள். அதற்கான காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். இன்று ஒரு காத்தாடி நிற்கும் நிலம் யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது என்ற கேள்வி அதன் தொடர்ச்சிதான். இதே கரையில் 19ஆம் நூற்றாண்டில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில், மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. அது நியாயமான பங்கா என்பது வேறு விவாதம். ஒரு பங்கு இருந்தது. நம் தலைக்கு மேல் ஓடும் காற்றில் நமக்கு என்ன பங்கு?

காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனல் மின்நிலையச் சாம்பலை மூச்சில் வாங்கிய தூத்துக்குடிக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த நாட்டின் வறுமைக்கு விடிவில்லை என்று 1943இலேயே வாதிட்டார். அவருக்கு மின்சாரம் விடுதலையின் கருவி. அந்தக் கருவி எங்கே நிற்க வேண்டும், யார் தூக்கத்தைத் தின்ன வேண்டும் என்று முடிவு செய்யும் அறையில் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

அந்த அறையில் ஆள் இருந்தால் என்ன மாறும்? ஓர் உதாரணம். துளையுள்ள பின்னோரம் சத்தத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. ஆனால் எங்கள் பக்கம் காற்றில் உப்பு வரும், தேரிக்காட்டின் செம்மண் தூசி வரும். துளை அடைபடும். அடைபட்டால் தடை ஏறும், சத்தம் பழையபடி திரும்பும். கணினியில் தடையின் அளவைப் படிப்படியாக ஏற்றி இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான் பார்த்தேன். அப்போது இன்னொரு கேள்வியும் எழுந்தது: 100 மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யப் போவது யார்? எந்த ஒப்பந்தத்தில், என்ன காப்பீட்டில்? இந்த நாட்டில் அடைப்பு என்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். நான் கேட்டபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு மூத்த பொறியாளர் மட்டும் குறித்துக்கொண்டார்.

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: இந்தத் துறைக்குள் வர லட்சங்கள் தேவையில்லை. ஓப்பன்ஃபோம் இலவசம், அதில் துளைப் பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் வசதி உண்டு. எம்.ஐ.டி.யின் மார்க் டிரேலா 1986இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் இன்றும் பழைய மடிக்கணினியில் ஓடும். முதலில் ஒரு சாதாரண ஏர்ஃபாயிலை எடுத்து, சுழற்சியும் துளையும் இல்லாமல், அளந்து வெளியிட்ட தரவோடு உங்கள் விடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு சுழற்சி. அதன் பிறகு துளை. மூன்றையும் ஒரே நாளில் போட்டால் எது எதனால் வந்தது என்று தெரியாது. ஆங்கிலம் தடுக்கிறது என்றால் எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.

பொறியியல் படிக்காதவர்களுக்கு: உங்கள் ஊரில் காத்தாடி இருந்தால், அதன் அடியிலிருந்து காலனியின் கடைசி வீடு வரை அளந்து பாருங்கள். 500 மீட்டருக்குள் இருந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். திட்ட வரைபடத்தையும் அந்த சர்வே எண்ணின் 'அ' பதிவேட்டு நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நிபந்தனை ஒப்படை என்று பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்காற்றுக் காலத்தில் ஏழு இரவுகள், மணிக்கு ஒரு முறை, ஒலி அளவைக் குறியுங்கள். கைபேசியில் எடுத்த அளவு சட்டத்தின் முன் சான்றாக நிற்காது. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அளக்க வரச் சொல்லி மனு எழுத அது போதும். மனுவோடு ஒரு வரைபடத்தையும் இணையுங்கள். நீங்களே கையால் வரைந்தால் போதும். அதில் காலனியின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சதுரம் போடுங்கள்.